நாற்பத்தேழாம் எண் அங்கி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் நான், சாதிர்குல், சாமான் பொறுப்பாளனாக இருந்தேன். சாக்குக்கட்டி, விளக்குமாறு, நிலக்கரி, பூட்டு, சாவி எல்லாம் என் தலையில்தான். ஜூராகான் அக்காவைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஊரில் பேச்சு வந்தபோது, அதற்குத் தகுதியில்லாத ஆள் நான் ஒருவன்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதினால் பொய்யாக எழுதுவார்கள், பாவம், அவர்களுக்கு உண்மை தெரியாது.

அவள் ஜும்கால் பக்கத்திலிருந்து இங்கே மருமகளாக வந்தவள். வந்த வருஷமே வரலாற்று டீச்சர் வேலையும் கிடைத்தது. அப்போது நூலகம் என்றால் என் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இல்லாத பொந்து. புத்தகங்கள் மூட்டையாகக் கிடந்தன, மேலே எலிப் புழுக்கை. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு கோடைகாலம் முழுக்க அதில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் துடைத்து, கிழிந்ததை மாவுப்பசை போட்டு ஒட்டி, முதுகில் எண் எழுதினாள். அலமாரிக்குப் பலகை கேட்டு என் உயிரை வாங்கினாள். இல்லை என்றேன். மறுநாள் தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் லாரி ஓட்டப் போயிருந்தான். திரும்பி வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு அவன் போட்ட சத்தம் கீழ்த் தெரு வரை கேட்டது.

கூட்டுப்பண்ணை கலைந்துபோன பிறகு ஒரு குளிர்காலம் நிலக்கரி வரவேயில்லை. வகுப்பில் மை உறைந்தது. டைரக்டர் மைராம்பெக், எங்கள் தலைமையாசிரியரை அப்படித்தான் அழைப்போம், என்னைக் கூப்பிட்டு, பழைய புத்தகங்களைக் கழித்துக்கட்டி அடுப்பில் போடச் சொன்னார். நான் வண்டியோடு போனேன். அக்கா வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே தன் வீட்டிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் வறட்டி கொண்டுவந்து இறக்கினாள், மறுநாளும் கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் கொண்டுவந்தார்கள். வெட்கங்கெட்ட நாங்கள் ஆண்கள் அதற்கப்புறம்தான் அசைந்தோம். ஒரு புத்தகம்கூட எரியவில்லை.

மியூசியம் பிறந்தது அதற்குப் பிறகுதான். பஞ்சகாலத்தில் சந்தை வியாபாரிகள் வீடுவீடாக வந்து வெள்ளியையும் கம்பளத்தையும் மாவு மூட்டைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. குதிரையில் ஏறி ஒவ்வொரு வீடாகப் போனாள். விற்காதீர்கள், என்னிடம் கொடுத்து வையுங்கள், பள்ளிக்கூடத்தில் பூட்டி வைக்கிறேன், பிள்ளைகள் பார்க்கட்டும் என்றாள். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பூட்டி வைத்தால் அது யாருக்கு என்று கேட்டார்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாமானுக்கு ஒரு துணித் துண்டில் எண் தைப்பாள். அதே எண்ணைப் போட்டு ஒரு சீட்டு எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுப்பாள். சீட்டில் ஒரே வரி இருக்கும்: "வீட்டார் கேட்ட அன்றே திருப்பித் தரப்படும்." கீழே கையெழுத்து. அந்த ஒரு வரியை நம்பித்தான் சேணமும் கடிவாளமும் மணப்பெண் தொப்பியும் தொட்டிலும் வந்தன. முன்னூற்றுப் பன்னிரண்டு சாமான்கள். கல்யாணம் வந்தால் தொப்பியை எடுத்துப் போவார்கள், முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் வாக்குத் தவறி நான் பார்த்ததில்லை.

நாற்பத்தேழாம் எண் மேய்ப்பன் ஜெக்ஷெனுடையது. ஒட்டக ரோமத்தில் நெய்த பழுப்பு நிற அங்கி, ஓரத்தில் கறுப்பு வெல்வெட். ஜெக்ஷென் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா யுத்தத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று, அங்கே அரசாங்கத்தில் உடுப்புக் கொடுப்பார்கள் என்று இதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாராம். பிறகு வந்தது ஒரு காகிதம்தான்: காணவில்லை. எந்த மண்ணில் கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஜெக்ஷென் அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தபோது நானும் அறையில் இருந்தேன், அலமாரிக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜூராகான், சீட்டெல்லாம் எனக்கு எதுக்கு. ஒண்ணே ஒண்ணுதான். நான் செத்தா இதை என் மேல போர்த்தித் தூக்கணும். எங்கப்பனுக்குக் குழியும் இல்ல, தொழுகையும் நடக்கல. என்கூட கல்லறை வரைக்குமாவது வரட்டும். அப்புறம் எடுத்துட்டு வந்து மறுபடி இங்கயே மாட்டிக்க."

அக்கா சரி என்றாள். இருந்தும் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இனி வருவதைத்தான் என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில் நகரத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மியூசியத்துக்கு அங்கீகாரம். போடாவிட்டால் அந்த அறையில் கம்ப்யூட்டர் வைப்பதாக டைரக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு மாதம் தூங்கவில்லை. டைரக்டர் தன் பங்குக்கு, விருந்தாளிக்குப் போர்த்த நகரத்திலிருந்து புது வெல்வெட் அங்கி ஒன்று வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் பெரிய மனுஷன் ஒருவன் தோளில் அங்கி இல்லாமல் திரும்பிப் போனால் அந்தக் கேவலம் பேரன் காலம் வரைக்கும் பேசப்படும். நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெட்டியில் வைத்தேன்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் நான் பள்ளிக்கூடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது மூத்த மகள் வழிச் சம்பந்திகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி ஷாயிர் என்ன செய்வாள்? சம்பந்தி வெறுங்கையோடு போனால் மகளுக்குத்தானே இடி. பெட்டியைத் திறந்தாள், புது அங்கி இருந்தது, போர்த்தி அனுப்பிவிட்டாள். நான் வாங்கி வைத்தது என்றுதான் நினைத்தாளாம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டைரக்டரிடம் சொல்லியிருக்கலாம். திட்டுவார், அவ்வளவுதானே? சொல்லவில்லை. எப்படியாவது சமாளிக்கலாம் என்று போனேன்.

அதிகாரி வந்தார். அக்கா ஒவ்வொரு சாமானாகக் காட்டினாள், எந்த வீட்டுடையது, யார் நெய்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். மனுஷன் நெகிழ்ந்துவிட்டார். அங்கி அலமாரிக்கு வருமுன்பே கையெழுத்துப் போட்டார். அக்கா பிள்ளைகளோடு உணவறைக்கு ஓடினாள், போர்சோக் என்ற மாவுப் பண்டம் பொரித்து மேஜை நிறையக் குவித்திருந்தார்கள். டைரக்டர் மியூசிய வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அங்கி எங்கே என்று கண்ணாலேயே கேட்டார்.

மியூசிய அலமாரிக்கு இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். நாற்பத்தேழை எடுத்தேன். உள் மடிப்பில் தைத்திருந்த எண் துணியைப் பிளேடால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் வேறு ஏதாவது கொடுத்து இதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று என் மூளை சொன்னது. அப்படிப்பட்ட மூளை எனக்கு. தான் வாங்கியது இதில்லை என்று டைரக்டருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதிகாரி முன்னால் கேட்க முடியாமல் விரித்துப் போர்த்தினார். அதிகாரி தடவிப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படி யார் நெய்கிறார்கள் என்று பூரித்துப் போனார். கார் கிளம்பியது. அக்கா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அவர் தோளில் இருந்தது என்ன என்று அவ்வளவு தூரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தேழு எங்கே என்றாள். டைரக்டர் கேட்டார், கொடுத்தேன் என்றேன். அவரிடம் போனாள், தான் கேட்டது புது அங்கியை என்றார். திரும்பி என்னிடம் வந்தாள். சம்பந்தி கதையை உளறிக் கொட்டினேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"சாதிர், அந்த மனுஷன் தொப்பிக்குள்ள என் சீட்டு இருக்குதுடா" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாள். டைரக்டர் கொதித்தார். போர்த்தின அங்கியைத் திருப்பிக் கேட்கிற குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது, மானம் போகும், அங்கீகாரமும் போகும் என்றார். அவள் கேட்கவில்லை, எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்றும் எழுதினாள். ஜெக்ஷெனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் வீடு வரை போனாள். இரண்டு தடவையும் அவர் தேநீர் கொடுத்து, பிள்ளைகள் அங்கியைப் பார்க்கிறார்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். சொல்லாமலே திரும்பினாள். அவருக்கு அறுபத்திரண்டு வயசு, குதிரைமேல் ஏறினால் வாலிபன்போல இருப்பார். காலம் இருக்கிறது என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்ல வந்த ஆளைப் பாருங்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, மந்தைக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் ஜெக்ஷென் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான். செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அக்கா ஏழாம் வகுப்பில் இருந்தாள். அவர் வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் போடத் தொடங்கியிருந்தார்கள், உடல் அதில் இருக்கும். தூரத்து உறவுகள் வரவேண்டும், சனிக்கிழமை மதியம் அடக்கம். அவள் சாக்குக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, காரை எடு என்றாள்.

என் பழைய மாஸ்க்விச் கார் கணவாயில் இரண்டு தடவை நின்றது. பனி கண்ணாடியை மூடியது. அவள் இறங்கி வெறுங்கையால் வழித்தாள்.  வழியெல்லாம் நான் ஏதேதோ பேசினேன், மன்னிச்சுக்க அக்கா என்றும் சொன்னேன். "ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள்.

நகரத்தில் அதிகாரி வீட்டைக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலம். அவர் நல்ல மனுஷன், அதுதான் கொடுமை. வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார், ரொட்டி உடைத்து வைத்தார். கடிதங்கள் அவர் கைக்கே போகவில்லையாம், அலுவலகத்தில் யாரோ கோப்பில் வைத்துவிட்டார்கள். அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் தலை தொங்கிக்கொண்டே போனது.

"அக்கா, டிசம்பர்ல பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்திக்கு அதைத்தான் போர்த்தினேன். வீட்டுல இருந்ததுலயே நல்லது அதுதான்."

போன் போட்டார். சம்பந்தி தலாஸ் பக்கம் இருந்தார். அவர் அதைப் போன மாதம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதிரை வாங்க வந்த ஒருவருக்குப் போர்த்தியிருந்தார். அந்த ஆள் பெயர் தெரியுமா என்று அக்கா போனை வாங்கிக் கேட்டாள். பெயர் சொன்னார். ஊர்? தெரியாது. குதிரையை ஏற்றிய வண்டி எண்? தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்டாள், ஒரே கேள்வியை வேறு வேறு விதமாக. கடைசியில் அந்தப் பக்கம் இருந்தவரே அழ ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது, அவள் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்தாள். கெட்டவன் என்று யாரையும் திட்டக்கூட வழியில்லை. எல்லாரும் மரியாதைதான் செய்திருக்கிறார்கள். திருடியவன் நான் ஒருவன்.

நாங்கள் கிளம்பும்போது அதிகாரி உள்ளே ஓடிப் போய் ஒரு புது அங்கி கொண்டுவந்தார். சிவப்பு வெல்வெட், பொன் நூல் வேலை. அக்காவின் தோளில் போர்த்தினார்.  விருந்தாளி வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா? அவள் அதைத் தள்ளவும் முடியாமல், போட்டுக்கொள்ளவும் முடியாமல் நின்றாள். காரில் ஏறிய பிறகு கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கணவாய் ஏறும்போதுதான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சனிக்கிழமை ஊரே கூடிவிட்டது. ஆண்கள் நாங்கள் வழக்கப்படி தூரத்திலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தோம். என் அழுகையைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெக்ஷெனின் மகன் துலோபெர்தி இடுப்பில் கச்சை கட்டிக் கம்பை ஊன்றி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அப்பன் தொப்பியில் இருந்த மடித்த சீட்டை எடுத்துக் காட்டி, அக்கா அங்கியைக் கொண்டுவருவாங்கதானே என்று கேட்டான். வருவாங்க என்றேன். அவள் வருவாள் என்பது உண்மைதானே.

உடலை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். தொழுகைக்கு வரிசை கட்டினோம். வழக்கம்போல மகன் முன்னால் வந்தான். எங்கப்பா யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், அவருக்கு யாராவது தரவேண்டியிருந்தால் மன்னித்தாகிவிட்டது என்று சொன்னான். எல்லாரும் தலை குனிந்து நின்றோம். பெண்கள் அந்த இடத்துக்கு வருவது கிடையாது. அக்கா வந்தாள். கையில் ஒன்றுமில்லை.

"என்னை மன்னிக்காத, துலோபெர்தி" என்றாள். "உங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அந்த அங்கி இப்ப இல்ல. எங்க இருக்குன்னும் தெரியல."

யாரோ எப்படிப் போச்சு என்று கேட்டார்கள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஆறு ஏழு பேர். என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று காதை அடைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"வந்த விருந்தாளிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அக்கா.

ஒரு எட்டு முன்னால் வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. துலோபெர்தி சீட்டைப் பார்த்தான். நாலாகக் கிழித்தான். பிறகு அப்பன் கிடைக்குப் போட்டுப்போகும் கிழிந்த ஆட்டுத்தோல் சட்டையை உள்ளேயிருந்து எடுத்துவந்து மேலே போர்த்தி, தூக்குங்க என்றான். தூக்கினோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் அவள் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே கொண்டுபோனாள். சில வீட்டில் வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். அவள் வாசலில் வைத்துவிட்டு, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்தில் முன்னூற்றுப் பதினொன்றும் போய்விட்டன. அறையில் கம்ப்யூட்டர் வந்தது. நூலகம் மட்டும் அவளிடம் இருந்தது, ஓய்வுபெறும் வரை தினமும் திறந்தாள், மூடினாள். முன்போல யார் வீட்டுக்கும் போவதில்லை. துலோபெர்தி எதிரே வந்தால் அவளுக்கு வணக்கம் சொல்லாமல் குதிரையை மறுபக்கம் திருப்புவான். அவன் பிள்ளைகள் நூலகத்துக்கு வந்ததேயில்லை.

ஓய்வுபெற்ற அன்று பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தாள். நாற்பத்தேழாவது வரியைத்தான் முதலில் தேடினேன். வெளியே எடுத்துக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயரை அவள் கையெழுத்தில் எழுதியிருந்தாள், தேதியும் போட்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். "அலமாரி என் பொறுப்பு, சாதிர். உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, வேலை போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருஷம் எனக்கு அறுபது முடிந்தது. குதிரையை அறுத்து விருந்து வைத்தோம். வாழ்த்துச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்தார்கள். துலோபெர்தி எழுந்தான். எங்கப்பா செத்தப்போ எல்லாரும் கூடாரத்துல உட்கார்ந்து தின்னாங்க, சாதிர்குல் அண்ணன் ஒருத்தர்தான் அவர் அங்கியைத் தேடிப் பனியில கணவாய் ஏறினாரு என்றான். அந்தக் காரில் அக்காவும் இருந்ததை அவன் சொல்லவில்லை.  பிறகு மூட்டையைப் பிரித்து ஒரு அங்கியை எடுத்தான். ஒட்டக ரோமம், பழுப்பு, ஓரத்தில் கறுப்பு வெல்வெட். தேடிப் பிடித்து ஆள் வைத்து நெய்திருக்கிறான், அப்பன் அங்கி எப்படி இருந்ததோ அதே மாதிரி. என் தோளில் போர்த்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜூராகான் அக்கா மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வந்த முதல் விருந்து அது, ஷாயிர் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். வாயைத் திற, இப்போதாவது திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றி என்றுதான் வாயிலிருந்து வந்தது.

அவள் எழுந்து வந்தாள். மடங்கியிருந்த கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் நிமிர்த்திச் சரிசெய்தாள்.

"அளவு சரியா இருக்கு" என்றாள்.